இறந்தகாலம் வராத நர்ஸ்

“எனக்கு இறந்தகாலம் வரலை மிஸ்” என்றாள் அமலோற்பவம்.

எப்சிபா நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“நேத்து என்ன சமைச்சீங்க? இங்கிலீஷ்ல சொல்லுங்க.”

அமலோற்பவம் சொன்னாள். கத்தரிக்காய் வாங்கினாள், நறுக்கினாள், தாளித்தாள், புளியைக் கரைத்து ஊற்றினாள், போன் வந்தது, குழம்பு அடிப்பிடித்தது. ஒன்றிலும் பிழையில்லை. எல்லாம் நேற்றைக்குப் போய் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

“வருதே.”

“குழம்புக்கு வருது மிஸ். நோயாளிக்கு வரலை.”

எப்சிபா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

*

அமலோற்பவம் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பத்து மூன்று வயது. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. நர்சுகளுக்கான ஆங்கிலத் தேர்வில் தேறினால் போதும்.

கேட்பது, படிப்பது, பேசுவது எல்லாம் தேறிவிட்டாள். எழுதுவதில் மட்டும் விழுந்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி விழுந்தாள். அடுத்த தேர்வுக்கு மேல் காத்திருக்க முடியாது என்று அந்த ஆஸ்பத்திரி மரியாதையாகத் தெரிவித்துவிட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்து பனியில் நின்று போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எழுத்துத் தேர்வு என்றால் பசுமாட்டைப் பற்றிக் கட்டுரை அல்ல. ஒரு நோயாளியின் குறிப்பைக் கையில் கொடுப்பார்கள். அவரை வேறு ஊரில் வேறு ஒரு நர்ஸிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார், இனி என்ன செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

எப்சிபா கான்வென்டில் படித்தவள். வேலைக்குப் போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கும் நடுவே, பாலக்கரையில் தன் சமையலறையிலேயே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். கரும்பலகை கிடையாது. பொறுமையும் கிடையாது.

அமலோற்பவத்தைவிட ஏழு வயது இளையவள். அவள் இவளை மிஸ் என்றாள். இவள் அவளை சிஸ்டர் என்றாள். கணக்கு சரியாகிவிட்டது.

*

முதல் கடிதம் ஒரு கிழவரைப் பற்றியது. வயிற்றில் ஆபரேஷன்.

அமலோற்பவம் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: நோயாளிக்கு ஆபரேஷன் செய்யப்படுகிறது. குழாய் எடுக்கப்படுகிறது. காய்ச்சல் இருக்கிறது. மகன் பார்க்க வருகிறார்.

எப்சிபா கைகழுவிவிட்டு வந்து படித்தாள்.

“நான் தஞ்சாவூர் நர்ஸ். உங்க தாத்தா ஆம்புலன்ஸ்ல வந்து இறங்கிட்டாரு. குழாய் வயித்துல இருக்கா, இல்லையா?”

“முந்தாநாளே எடுத்தாச்சு மிஸ். குறிப்புல போட்டிருக்கே.”

“குறிப்பு உங்ககிட்ட இருக்கு. என்கிட்ட கடுதாசிதான் இருக்கு. நான் இல்லாத குழாயைத் தேடிக்கிட்டு அந்த மனுஷன் சட்டையைத் தூக்கிப் பாத்துட்டு நிக்கிறேன்.”

“என்னைக் கேட்டா சொல்லுவேன்ல.”

“நீங்க அங்க இல்ல.”

“ஏன், நான் எங்க போயிட்டேன்?”

எப்சிபா கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெத்திலிக்கு மஞ்சள் போட்டாள்.

*

இரண்டாவது கடிதத்தில் இனி செய்ய வேண்டியவை இருந்தன. சர்க்கரை பார்ப்பது, நோயாளி நடக்க வேண்டும், கட்டு மாற்றப்படும், உப்பைக் குறைக்கச் சொல்லி மகளிடம். அங்கேயே முற்றுப்புள்ளி.

நான்கு வேலை, நான்கு விதமான வாக்கியம். ஒன்று வடக்கே பார்த்தது, ஒன்று தெற்கே பார்த்தது, கடைசியானது நடுரோட்டில் படுத்துக்கொண்டது.

எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டும் என்று எப்சிபா முன்பே சொல்லியிருந்தாள். அமலோற்பவம் அதை மனப்பாடமாக ஒப்பித்தும் காட்டியிருந்தாள். ஒப்பித்துவிட்டு இப்படி எழுதினாள்.

எப்சிபா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அமலோற்பவத்தின் கை வேறு ஏதோ செய்துகொண்டிருந்தது.

மேடைமேல் கழுவிக் கவிழ்த்த கரண்டிகள் ஒரு தட்டில் குவிந்து கிடந்தன. பேசிக்கொண்டே அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். பிடி எல்லாம் ஒரே பக்கம்.

“ஏன் திருப்பி வைக்கிறீங்க?”

அமலோற்பவம் தன் கையைப் பார்த்தாள். வெட்கப்பட்டாள். வார்டில் கட்டு மாற்றும் தட்டை அப்படித்தான் அடுக்குவார்கள் என்றாள்.

“யாருக்காக?”

“அடுத்து எடுக்கிறவங்களுக்கு. அவங்க தட்டைப் பாக்கக் கூடாது மிஸ். புண்ணைப் பாக்கணும். கை தானா போய் எடுக்கணும்.”

எப்சிபா கடிதத்தை எடுத்து அந்தத் தட்டில், கரண்டிகளின்மேல் வைத்தாள்.

அமலோற்பவம் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேனாவை எடுத்து நான்கு வேலைகளையும் திருப்பி எழுதினாள். சர்க்கரையைப் பாருங்கள், நடக்க வையுங்கள், கட்டை மாற்றுங்கள், உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பிழை வரவில்லை.

மற்றது போகவில்லை.

*

வேறு எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் காலம் சரியாக வந்தது. திருவிழா, ரயில் பயணம், பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம். நோயாளி என்று வந்துவிட்டால் மட்டும், நேற்று நடந்ததும் நாளை நடக்க வேண்டியதும் ஓடி வந்து இன்றைக்குள் நுழைந்துகொண்டன.

விதியைச் சொல்லி ஆயிற்று. திட்டியும் ஆயிற்று. எப்சிபாவின் வீட்டுக்காரரே ஒருநாள் சாப்பாட்டுக்கு வந்தவர், பாவம் விடேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் கொஞ்சம் கிடைத்தது.

பிறகு எப்சிபா வேறு மாதிரி கேட்டாள். டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் எப்படி ஒப்படைப்பீர்கள்?

“கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு சொல்லுவோம். இவருக்குக் காய்ச்சல் இருக்கு, டிரிப் போகுது, புண்ணு ஆறுது.”

“முடிஞ்சுபோன விஷயம்?”

“அது அவர் உடம்புலயே இருக்கும். தொட்டுக் காட்டுவோம்.”

“இனிமே செய்ய வேண்டியது?”

“கேட்டா சொல்லுவேன். கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு சொல்லுவேன். பஸ் ஸ்டாப்புலருந்து போன் போட்டும் சொல்லுவேன்.”

“அப்ப உங்க டூட்டி எப்ப முடியும் சிஸ்டர்?”

  

*

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எப்சிபா கேட்டாள்.

புருஷன் தைனிஸ், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. பிள்ளை இல்லை. அப்புறம் மாமியார், செங்கோல்மேரி.

பக்கவாதம் செங்கோல்மேரியின் இடது கையையும் இடது காலையும் எடுத்துக்கொண்டது. வாயை விட்டுவிட்டது. அதிலிருந்து அமலோற்பவம் இரவு டூட்டியே வாங்கிக்கொண்டாள். இரவில் தைனிஸ் பார்த்துக்கொள்வான். பகலெல்லாம் இவள். வகுப்புக்கு வரும் நேரத்துக்குக் கீழ்வீட்டு அம்மாள் வந்து உட்காருவார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் அமலோற்பவம் மூச்சு விடக்கூட நிற்கவில்லை. வேறு யார் ஊட்டினாலும் துப்புகிறார். இட்லியைக் கல் என்கிறார், தோசையைச் செருப்பு என்கிறார். சொந்த மகள் ஜெசிந்தா திண்டுக்கல்லிலிருந்து வந்தால் தேனாகப் பேசுகிறார், அவள் பஸ் ஏறியதும் இவளைப் பிடித்துக்கொள்கிறார். குளிப்பாட்டும்போது கிள்ளுகிறார். நல்ல கையால் கிள்ளுகிறார், அதுவும் பலமாக.

“நீங்க போயிட்டா?”

ஜெசிந்தா வந்து தங்குவதாக ஏற்பாடாகிவிட்டது. தைனிஸுக்குச் சம்மதம். எல்லாரும் பேசி முடித்தாயிற்று. இந்த இங்கிலீஷ் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது.

“அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?”

“அவங்ககிட்ட என்ன சொல்றது. பரீட்சை முடியட்டும்.”

எப்சிபா அடுப்பை அணைத்தாள்.

“இனிமே புத்தகத்து நோயாளி வேணாம். அத்தையைப் பத்தி எழுதுங்க. நாளையிலருந்து பாத்துக்கப்போற நர்ஸுக்கு.”

“அத்தை என்ன ஆஸ்பத்திரி கேஸா?”

“எழுதுங்க.”

“என் குடும்பத்தை எதுக்கு மிஸ் இதுல இழுக்கிறீங்க? இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். குடையை மறந்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து எடுக்கவும் இல்லை.

*

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

எப்சிபா குடையை எடுத்துக்கொண்டு தானே போனாள். மாடி வீடு. செங்குத்தான படி. மேலே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“யாருடி அது, எருமை ஏறுற மாதிரி?”

முன் அறையில் ஜன்னலோரம் கட்டில். கட்டிலில் வெள்ளைச் சேலையில் செங்கோல்மேரி, ஒரு கைப்பிடி உடம்பு. பக்கத்தில் அமலோற்பவம், அத்தையின் குதிகாலைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்சிபா தன் பெயரைச் சொன்னாள்.

“இங்கிலீஷ் டீச்சரா?” செங்கோல்மேரி மேலும் கீழும் பார்த்தார். “உன்னால எனக்குத் தூக்கமே போச்சு. பகல்ல இவ இங்க உக்காந்து எழுதுவா. ஒரு வரி எழுதுவா, எந்திரிச்சு வந்து என் காலைத் தொட்டுப் பாப்பா. மறுபடி ஒரு வரி. நான் என்ன அடுப்புல வச்ச பாலா?”

அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள்.

எப்சிபா கையை நீட்டினாள். அமலோற்பவம் கொஞ்சம் நின்றாள். பிறகு பைபிளுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். எழுதித்தான் வைத்திருந்தாள்.

நோயாளிக்குக் காலை உணவு ஊட்டப்படுகிறது. காபி கொடுக்கப்படுகிறது. சர்க்கரைக்கு ஊசி போடப்படுகிறது. நோயாளி திருப்பிப் படுக்க வைக்கப்படுகிறார். குதிகால் கவனிக்கப்படுகிறது. நோயாளி நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுகிறார்.

எப்சிபா படித்தாள். மடித்தாள்.

“வெளிய போங்க சிஸ்டர்.”

“என்ன?”

“படியில போய் உக்காருங்க. நான் கூப்பிடாம வாயைத் திறக்கக் கூடாது.”

அமலோற்பவம் அத்தையைப் பார்த்தாள். அத்தைக்கு வேடிக்கை பிடித்திருந்தது.

“போயேன்டி. டீச்சர் சொன்னா கேக்கணும்” என்றார்.

எப்சிபா அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

*

“இப்ப நான்தான் நர்ஸ்” என்றாள்.

“உனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. இதுல எழுதியிருக்கிறதைச் செய்வேன்.”

காபி கொடுக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. எப்சிபா சமையலறைக்குப் போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள். செங்கோல்மேரி காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று என்று இரண்டு குடித்து முடித்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை. சர்க்கரை போட்டாயா என்று கேட்டார். எழுதவில்லையே என்றாள் எப்சிபா.

“வேணாம்னும் எழுதலைல. போடு.”

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வளையல் சத்தம் கேட்டது. அடங்கிவிட்டது.

செங்கோல்மேரி ரசித்துக் குடித்தார். இந்த நர்ஸ் பரவாயில்லை என்றார். இன்னொரு டம்ளருக்கும் எழுதியிருக்கிறதா, நன்றாகப் பார் என்றார்.

எப்சிபா அடுத்த வரிக்குப் போனாள். பிரிட்ஜைத் திறந்தாள். பழைய பிரிட்ஜ், கதவு முனகியது. உள்ளேயிருந்து மருந்துப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். கண்ணாடிக் குப்பி டக்கென்று பட்டது.

செங்கோல்மேரியின் முகத்தில் வேடிக்கை வடிந்தது.

“ஏம்மா, நீ நர்ஸுக்குப் படிச்சிருக்கியா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு ஊசியை எடுக்குற?”

“போடப்படுகிறதுன்னு எழுதியிருக்கு.”

“அது காலையில...” என்று ஆரம்பித்தார். எப்சிபா உதட்டில் விரலை வைத்தாள். கிழவி நிறுத்திக்கொண்டார். விவரமானவர். கதவையே பார்த்தார்.

எப்சிபா ஊசியின் உறையைக் கிழித்தாள். நிதானமாக, சத்தம் வரும்படி கிழித்தாள்.

கதவு அதிர்ந்தது. இரண்டு கையாலும் அடித்த அடி.

“போட்டாச்சு. மிஸ், போட்டாச்சு. எட்டரை மணிக்கே போட்டுட்டேன். இட்லி குடுத்துட்டேன். காபி குடுத்துட்டேன். எல்லாம் முடிஞ்சுபோச்சு மிஸ். இனிமே ராத்திரிதான். திறங்க.”

எப்சிபா திறக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்தாள். கடிதத்தைத் திருப்பி வெறும் பக்கம் மேலே இருக்க மடித்து, ஒரு பேனாவோடு கதவின் அடியில் தள்ளிவிட்டாள்.

தாள் கொஞ்ச நேரம் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடந்தது.

அப்புறம் அந்தப் பக்கம் போயிற்று.

*

வெளியே அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம். பிறகு பேனா ஓடும் சத்தம்.

செங்கோல்மேரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். எப்சிபா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. புடவைத் தலைப்பில் நூல் பிரித்தாள்.

தாள் திரும்பி வந்தது.

எப்சிபா குனிந்து எடுத்தாள். நின்றபடி படித்தாள். இன்னொரு முறை படித்தாள். சிவப்பு மை வைக்க இடமில்லை.

“என்ன எழுதியிருக்கா?” என்றார் செங்கோல்மேரி, திரும்பாமல். “எனக்குத் தமிழ்ல படி.”

எப்சிபா படித்தாள்.

“இன்று காலை ஊசி போட்டேன், இட்லி ஊட்டினேன், குளிப்பாட்டினேன். இரண்டு முறை காபி கொடுத்தேன். மூன்றாவது கேட்டார், மறுத்தேன்.

“இப்போது விழித்திருக்கிறார். இடது குதிகால் சிவந்திருக்கிறது. பயந்திருக்கிறார், கோபமாகப் பேசுகிறார்.

“ஒரு மணிக்குச் சாப்பாடு ஊட்டுங்கள், மூன்று மணிக்கு வலது பக்கம் திருப்புங்கள், குதிகாலுக்கு அடியில் துணியைச் சுருட்டி வையுங்கள், முதுகைத் துடைத்துவிடுங்கள். இரவு ஊசி போடுங்கள், உடனே சாப்பாடு கொடுங்கள். துப்பினால் திட்டாதீர்கள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள், கதவுவரை நடந்து போங்கள். கூப்பிடுவார்.”

அவ்வளவுதான் இருந்தது.



“அதுல அவ எங்க இருக்கா?” என்றார் செங்கோல்மேரி.

எப்சிபா தாளைப் பார்த்தாள்.

“காலையில இருந்தாங்க. அப்புறம் இல்ல.”

கிழவி நல்ல கையால் போர்வையை இழுத்து மார்புவரை போர்த்திக்கொண்டார். எப்சிபா எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“இரு” என்றார் செங்கோல்மேரி. “திறக்காத.”

“ஏம்மா?”

“அவ இல்லாம கொஞ்ச நேரம் பழகிப் பாக்குறேன்.”